அண்டா சொட்டுது அண்ணே!

கேள்வி: வணக்கம் அண்ணே, நான் கோத்தகிரி பக்கம். வீட்லயே கொம்புச்சா (டீயைப் புளிக்க வச்சு செய்யற பானம்) போட்டு ரெண்டு மூணு ஹோம்ஸ்டேக்குக் குடுக்கிறேன். டீ போட 30 லிட்டர் எவர்சில்வர் அண்டாவுல ஓட்டை போட்டு ஒன்னேகால் இஞ்ச் கீசர் எலிமெண்ட், 2000 வாட்ஸ், மாட்டினோம். உள்பக்கம் ரப்பர் வாஷர் வச்சு நட்டு இறுக்கியாச்சு, டெஃப்லான் டேப் அரை ரோல் சுத்தியாச்சு, மேல எம்-சீலும் பூசியாச்சு. பச்சத்தண்ணிக்கு நிக்குது, கொதிச்சா சொட்டுது. என்னதான் பண்றது?

பதில்: தங்கச்சி, முதல்ல அந்த எம்-சீல சுரண்டி எடுங்க. அதைக் குத்தம் சொல்லல, அது ஒடைஞ்ச குழாய்க்கு. இங்க தினமும் சூடாகி ஆறுற தகடு, தகடும் அதுவும் ஒரே அளவுக்கு விரியாது, ஒரு வாரத்துல ஓரம் கிளம்பிடும். அதுவும் குடிக்கிற பண்டத்துல.

சொட்டுறதுக்குக் காரணம் வாஷர் இருக்கிற இடம். உள்பக்கம் நட்டுக்கு அடியில வச்சா நட்டுக்கும் சுவருக்கும் நடுவுலதான் அடைக்கும், ஆனா தண்ணி நட்டோட மரைக்குள்ள பூந்து, எலிமெண்ட் மரையைச் சுத்தி சுத்தி இறங்கி, ஓட்டை வழியா வெளிய வந்துடும். இந்த எலிமெண்ட் மரை கூம்பு மரை இல்ல, நேர் மரை, அது பிடிச்சுக்கிறதுக்குத்தான், தண்ணிய அடைக்காது, நீங்க முழு ரோல் டேப் சுத்தினாலும் அதே கதைதான். கொதிக்கிற தண்ணி பச்சத்தண்ணிய விட இளக்கமா ஓடும், மெல்லிசு சந்துலயும் நுழையும், சூட்டுல சாதா ரப்பரும் தளர்ந்துடும். அதான் கொதிச்சா மட்டும் சொட்டுது.

வாஷர் வெளிப்பக்கம் வரணும், எலிமெண்ட் தலைக்கும் அண்டா சுவருக்கும் நடுவுல. கறுப்பு ரப்பர் வேண்டாம், ஃபுட் கிரேட் சிலிக்கான் கேளுங்க. இப்ப அடுத்த சிக்கல் பாருங்க, அண்டா உருண்டை, எலிமெண்ட் தலை தட்டை. 35 சென்டி அகல அண்டாவுல நாலரை சென்டி வாஷர வச்சீங்கன்னா நடுவுல ஒட்டும், ரெண்டு ஓரத்துலயும் கிட்டத்தட்ட ஒன்றரை மில்லி சந்து நிக்கும். அந்த சந்தை இறுக்கி மூடலாம்னு ஸ்பேனர்ல தொங்கினா சிலிக்கான் பிதுங்கி வெளிய வந்துடும், தகடும் நெளியும். உள்ள மரக்கட்டை முட்டுக் குடுத்து வெளிய இருந்து மர சுத்தியால மெதுவா தட்டி அந்த இடத்தை மட்டும் தட்டையாக்கலாம், ஓட்டை போடறதுக்கு முன்னாடின்னா சுலபம், இப்பவும் பொறுமையா செஞ்சா வரும். என்னைக் கேட்டா ஆர்கான் வெல்டிங் பண்ற ஆள்கிட்ட குடுத்து ஒன்னேகால் இஞ்ச் எஸ்எஸ் சாக்கெட் ஒண்ணு வச்சிடுங்க, அதோட முகம் தட்டை, வாஷர் அதுல சமமா உக்காரும், நட்டே வேண்டாம். கையால முடிஞ்ச வரை இறுக்கி அதுக்கு மேல கால் சுத்து, போதும். ராத்திரி முழுக்க பச்சத்தண்ணி நிரப்பி வைங்க, அடியில பழைய நியூஸ் பேப்பர் விரிங்க, ஒரு சொட்டுன்னாலும் காட்டிக் குடுத்துடும். அப்புறம் ஒரு தடவை கொதிக்க விட்டு, முழுசா ஆறினதும் திரும்ப லேசா இறுக்கணும், இதைத்தான் எல்லாரும் மறக்கிறாங்க.

நீங்க கேக்காத ஒண்ணையும் சொல்றேன். கோத்தகிரில தண்ணி 94 டிகிரி கிட்டயே கொதிச்சிடும், ஊட்டில இன்னும் கம்மி, 92, 93தான். உயரம்தான் காரணம். நான் குன்னூர்ல இருந்தப்ப தெர்மோஸ்டாட்ட 95ல வச்சிட்டு, அதுவே கட் ஆகிடும்னு கடைக்குப் போயிட்டேன். தண்ணி 94ஐ தாண்டவே தாண்டாது, அப்புறம் அது எங்க கட் ஆக? திரும்பி வந்தப்ப அண்டா காலி, எலிமெண்ட் செக்கச்செவேல்னு நிக்குது, வாஷர் கருகி வீடே நாத்தம். கீழ்நாட்டுல 95ன்னா சரி, மலையில 88, 90ல வைங்க, டீக்கு அது தாராளம். எலிமெண்ட் எப்பவும் தண்ணிக்குள்ள முழுகியே இருக்கணும்.

15 ஆம்ஸ் பிளக்குலதான் போடணும், கிட்டத்தட்ட 9 ஆம்ஸ் இழுக்கும். அண்டா உடம்புலயே ஒரு எர்த் ஒயர் போல்ட் போட்டு மாட்டுங்க, போர்டுல 30 மில்லிஆம்ஸ் ஆர்சிசிபி, அதான் கரண்ட் கசிஞ்சா உடனே கட் பண்ற சுவிட்ச், அது இல்லாம இதைத் தொடவே கூடாது. ஒயர் எலிமெண்ட் தலையில இருந்து முதல்ல கீழ தொங்கி அப்புறம் மேல போகட்டும், சொட்டினா தண்ணி பிளக்குக்குப் போகாம வளைவுலயே கீழ விழுந்துடும். காலைல 16 டிகிரி தண்ணி 30 லிட்டர்னா ஒன்றரை மணி நேரம் ஆகும், வோல்டேஜ் 200க்கு இறங்கிடுச்சுன்னா அந்த 2000 வாட்ஸ் 1500 ஆகிடும், அதனால அவசரப்படாதீங்க. டீ இறக்கினதும் சக்கரை போடுங்க, எலிமெண்ட் ஓடுறப்ப போட்டா அதுமேல பிடிச்சு கருகும். புளிக்க வைக்கிறது கண்ணாடி ஜாடிலதான், எலிமெண்ட் தலை பித்தளையா இருக்கும், அந்தப் புளிப்பு அதை அரிச்சிடும்.

கேள்வி: கொடைக்கானல்ல இருந்து எழுதறேன். ரெண்டு மாசம் சும்மா கிடந்த பாய்லர மழை சீசன்ல போட்டா ஆர்சிசிபி விழுந்துடுது. எலெக்ட்ரீஷியன் ஆர்சிசிபிய கழட்டிடலாம்கிறார், சரியா?

பதில்: சரியே இல்ல சார். எலிமெண்ட் குழாய்க்குள்ள மெக்னீசியம் ஆக்சைடு பவுடர் இருக்கு, பனியிலயும் மழையிலயும் சும்மா கிடந்தா முனை வழியா ஈரத்தை உறிஞ்சிக்கும், கரண்ட் உடம்புக்குக் கசியும், ஆர்சிசிபி அதோட வேலையத்தான் பாக்குது. எலிமெண்ட்ட கழட்டி, வாஷர எடுத்துட்டு, கேக் ஓவன்ல 120 டிகிரில ரெண்டு மூணு மணி நேரம் வைங்க. ஆறினதும் அதே எலெக்ட்ரீஷியன மெக்கர் (கரண்ட் கசிவைச் சோதிக்கிற மீட்டர்) கொண்டு வரச்சொல்லி 500 வோல்ட்ல பாக்கச் சொல்லுங்க. காய வச்சும் 1 மெகாஓம் வரலன்னா குழாய்ல எங்கயோ விரிசல், பழைய இரும்புக்குப் போட்டுட்டு புதுசு வாங்கிடுங்க.