மயக்க மருத்துவர் ஊசி போட்டுவிட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பவர் இல்லை, அண்ணே

"டாக்டருக்குப் படிச்சு கடைசியில மயக்க ஊசி போடுற வேலைதானா?" தங்கச்சிமடம், பாம்பன் பக்கம் பல வீடுகளில் கேட்கும் கேள்விதான் இது. சித்தப்பாவின் முதுகெலும்பு ஆபரேஷனுக்கு மதுரை போய் வந்ததிலிருந்து மகள் நரம்பைக் கண்காணிக்கிற வேலையையே பிடித்துக்கொண்டு நிற்கிறாள் என்கிறீர்கள். சரி, முதலில் அந்த வேலையைப் பார்ப்போம்.

முதுகெலும்பில் ஸ்க்ரூ போடும்போது நோயாளியிடம் காலை அசையுங்கள் என்று சொல்ல முடியாது. அதனால் தலையில் சின்ன ஊசிகள் வைத்து மூளையை மின்சாரத்தால் தூண்டி, கால் தசையில் பதில் வருகிறதா என்று திரையில் அலையாகப் பார்ப்பார்கள். பெரும்பாலும் திரைக்கென்று தனியாக ஒருவர் உண்டு, ஆனால் அந்த அலை ஒழுங்காக வருவது மயக்க மருத்துவர் கையில்தான் இருக்கிறது. செவோஃப்ளூரேன் மாதிரி மயக்க வாயுவைக் கூட்டினால் அலை மங்கிவிடும் என்பதால் புரோபோஃபால் என்ற மயக்க மருந்தைப் பம்ப் வைத்து ரத்தக்குழாய் வழியாக ஏற்றுவார், தசை தளர்த்தும் மருந்தைத் தொண்டையில் குழாய் போடும் நேரத்துக்கு மட்டும் கொடுத்துவிட்டு அப்புறம் தொடமாட்டார். அந்த மருந்து இல்லாததால் மயக்கம் கொஞ்சம் குறைந்தாலும் நோயாளி அசைந்துவிடுவார். தூண்டும்போது தாடை இறுகி நாக்கைக் கடித்துவிடும் என்று கடைவாய்ப் பற்களுக்கு நடுவே காஸ் துணியைச் சுருட்டி வைப்பதும் மயக்க மருத்துவர் பொறுப்பு.

அலை திடீரென்று விழுந்தால் சர்ஜன் கையை நிறுத்திவிட்டு இவரைத்தான் பார்ப்பார். ரத்த அழுத்தம் இறங்கியதா, உடம்பு குளிர்ந்துவிட்டதா, ரத்தம் அதிகம் போய்விட்டதா, மருந்து கூடிப்போச்சா, குப்புறப் படுத்திருப்பவரின் கை எங்காவது நசுங்குகிறதா என்று எல்லாவற்றையும் சில நிமிஷத்தில் பார்த்தாக வேண்டும். அழுத்தத்தை ஏற்றியதுமே அலை திரும்பி வருவதும் உண்டு. இதைப் போய் சும்மா உட்காரும் வேலை என்றால் எனக்குக் கோபம்தான் வரும்.

படிப்பு நீளம், மறைக்கவில்லை. நீட் எழுதி எம்.பி.பி.எஸ். ஐந்தரை வருஷம், மயக்கவியலில் எம்.டி. 3 வருஷம், மூளை நரம்பு மயக்கவியலுக்கென்றே டி.எம். என்ற மேல்படிப்பு இன்னொரு 3 வருஷம். டி.எம். பெங்களூரு நிம்ஹான்ஸிலும் திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனத்திலும் உண்டு. முடிக்கும்போது முப்பது வயதாகிவிடும். 2022 முதல் ராமநாதபுரத்திலேயே அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. மகள் ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவள் என்றால் 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டை விட்டுவிடாதீர்கள்.

ஒரே ஒரு எச்சரிக்கை. ஆபரேஷன் தியேட்டர், மயக்கவியல் டெக்னீஷியன் பி.எஸ்சி. படிப்பை "டாக்டர் மாதிரிதான்" என்று சொல்லிச் சேர்க்கும் ஏஜெண்டுகள் இருக்கிறார்கள். நல்ல படிப்புதான், சீக்கிரம் சம்பளமும் வரும், ஆனால் எந்த மருந்து, எவ்வளவு என்று முடிவு செய்வது டாக்டர் மட்டுமே. மகளுக்கு மருந்தை முடிவு செய்ய ஆசையா, கருவிகளோடு நிற்க ஆசையா என்று அவளிடமே கேளுங்கள், நீட் கோச்சிங்குக்குப் பணம் கட்டுவது அதற்கு அப்புறம் இருக்கட்டும்.