ஓய்வு பெற்ற கால்பந்து வீரர்கள் வீடில்லாமல் நிற்கும் நிலைக்கு எப்படி வருகிறார்கள்? சம்பாதித்த காலத்தில் சேமித்திருக்கக் கூடாதா?

கேள்வியின் முதல் பாதியை மட்டும் பார்த்திருந்தால் கடந்து போயிருப்பேன். இரண்டாம் பாதிதான் உட்கார்ந்து எழுத வைத்தது. நானும் கால்பந்து ஆடி ஓய்ந்தவன்தான். "சேமித்திருக்கக் கூடாதா" என்று என்னிடம் கேட்காத உறவினர் மதுரையில் இல்லை. உங்கள் வீட்டிலும் ஒரு பையன் விடிகாலையில் பூட்ஸை எடுத்துக்கொண்டு மைதானத்துக்கு ஓடுகிறான், அவனை இதில் விடலாமா வேண்டாமா என்ற தயக்கத்தில்தான் கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன். அப்படி இல்லையென்றால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

குடித்தும் சூதாடியும் அழிந்தவர்கள் இல்லையா என்று உடனே ஒருவர் வருவார். இருக்கிறார்கள். இங்கிலாந்துக்காக 86 ஆட்டங்கள் ஆடிய, ஆர்சனல் அணியின் கென்னி சான்சம் பூங்கா பெஞ்சில் படுத்துக் கிடந்ததாக 2013-இல் பத்திரிகைகள் எழுதின. குடியையும் சூதாட்டத்தையும் அவரே ஒப்புக்கொண்டிருக்கிறார். 1958, 1962 என இரண்டு உலகக் கோப்பைகளை வென்ற பிரேசில் அணியின் கரிஞ்சா, குடியால் ஈரல் கெட்டு 1983-இல் 49 வயதில் வறுமையில் இறந்தார். 1990 உலகக் கோப்பை இறுதியாட்டத்தின் ஒரே கோலைப் பெனால்டியில் அடித்த ஜெர்மனியின் ஆண்ட்ரியாஸ் பிரேமெ பெரும் கடனில் இருக்கிறார் என்று 2014-இல் செய்தி வந்தபோது, துப்புரவு நிறுவனம் நடத்திவந்த இன்னொரு முன்னாள் ஆட்டக்காரர், வந்து கழிப்பறை கழுவட்டும், வேலை தருகிறேன் என்று ஊரறியச் சொன்னார். கழிப்பறை கழுவுவதில் இழிவு ஏதுமில்லை. அந்தப் பேச்சில் இருந்த குஷியைத்தான் சொல்கிறேன். "ஆடுன ஆட்டத்துக்கு அனுபவிக்கட்டும்" என்று எங்கள் தெரு டீக்கடையில் என் காதுபடவே சொன்னவருக்கும் அதே குஷி இருந்தது. நான் குடிப்பவன் அல்லன் என்பது அவருக்குத் தெரியும்.

இந்தக் கதைகளில் எவரும் சொல்லாத ஒன்று உண்டு. கிளப் ஆட்டக்காரனுக்குச் சம்பளமும் தங்கும் இடமும் ஒரே கையெழுத்தில் வருகின்றன, ஒரே நாளில் போகின்றன. நான் வெளிமாநிலத்தில் ஒரு கம்பெனி நடத்திய அணியில் ஒப்பந்தத்தின் பேரில் ஆடினேன். அணியின் மெஸ்ஸில்தான் தங்கல். சாப்பாடு, மருத்துவம், ஜெர்சியைத் துவைத்து மடித்து வைப்பது வரை எல்லாம் அவர்கள் பொறுப்பு. ஆதார் அட்டையிலும் வங்கிக் கணக்கிலும் அந்த மெஸ்ஸின் முகவரியே இருந்தது. கடைசிப் பருவத்தின் முடிவில் முழங்கால் ஜவ்வு கிழிந்தது. அறுவை சிகிச்சைக்கு அணி பணம் கட்டியது, அதை நன்றியோடுதான் சொல்கிறேன். ஆனால் ஒப்பந்தம் 2016 மே 31-ஆம் தேதியோடு முடிந்தது. மேலாளர் நல்ல மனிதர். காபி வாங்கிக் கொடுத்து, தோளில் கை வைத்து, ஜூன் முதல் தேதி புதுப் பையன்கள் வருகிறார்கள், அறையை ஒழித்துக் கொடுத்துவிடு என்றார். ஊன்றுகோலோடு ரயில் ஏறினேன்.

இது நம் நாட்டுக் கோளாறு மட்டும் என்று எண்ண வேண்டாம். இங்கிலாந்திலும் ஒரு காலத்தில் ஏராளமான வீரர்கள் கிளப்புக்குச் சொந்தமான வீடுகளில்தான் குடியிருந்தார்கள். வாரச் சம்பளம் 20 பவுண்டைத் தாண்டக்கூடாது என்ற வரம்பே 1961-இல்தான் அங்கே நீங்கியது. ஜார்ஜ் ஈஸ்டம் என்பவர் நியூகாசில் அணியோடு முரண்பட்டதற்கு, கிளப் கொடுத்த வீடு குடியிருக்கும் தரத்தில் இல்லை என்பதும் ஒரு காரணம். ஒப்பந்தம் முடிந்த பின்னும் வீரரை வேறு அணிக்கு விடாமல் கட்டி வைக்கும் முறை செல்லாது என்று 1963-இல் அவர் வழக்கில் தீர்ப்பு வந்தது. என் நிலைமை அதற்கு நேர்மாறு. என்னைக் கட்டி வைக்க ஒருவரும் முன்வரவில்லை.

அரசரடி ரயில்வே மைதானத்தில் எனக்குப் பந்தை நிறுத்தக் கற்றுக் கொடுத்த அண்ணன்மார்களுக்கு இந்தத் தொல்லை இருந்ததில்லை. அவர்கள் ரயில்வே, ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலை, வங்கி என்று விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலைக்குப் போனவர்கள். கால் நின்ற மறுநாள் மேசைக்குப் போய் உட்கார்ந்தார்கள். குவார்ட்டர்ஸ் இருந்தது, பி.எஃப். இருந்தது, வயதானபின் பென்ஷன் வந்தது. 1996-இல் தேசிய லீக் தொடங்கிய பிறகு வந்த நாங்கள் அவர்களைவிட அதிகம் சம்பாதித்தோம் என்பது உண்மை. ஆனால் அந்தப் பணம் சம்பளக் கணக்கில் வரவில்லை. வருமான வரித் துறை 2008-இல் விளையாட்டு வீரர்களையும் 194ஜே பிரிவில் சேர்த்தது. டாக்டருக்கும் வக்கீலுக்கும் தருவது போன்ற தொழிற்கட்டணம் என்று கணக்கெழுதி, பத்து சதவீதம் பிடித்துக்கொண்டு எனக்குத் தந்தார்கள். பி.எஃப். கிடையாது, இ.எஸ்.ஐ. மருத்துவக் காப்பீடு கிடையாது, பணிக்கொடை என்ற பேச்சே கிடையாது. பெரிய பெயர் இருந்தால் கதை வேறு. இந்திய அணியின் நட்சத்திரமாக இருந்த ஐ.எம். விஜயன் கேரள போலீஸில் தொடங்கி, மோகன் பகான், ஜே.சி.டி. என்று கிளப்புகளில் ஆடி முடித்த பின் அதே போலீஸ் அவரைத் திரும்ப எடுத்துக்கொண்டது; 2025-இல் அதிகாரியாக ஓய்வு பெற்றார். அவர் ஆடிய ஆட்டத்துக்கு அது தகும். நான் விஜயன் அல்லன். ஒவ்வோர் அணியிலும் இருபதுக்கு மேற்பட்டவர்கள் விஜயன் அல்லர்.

இனி, சேமிப்புக்கு வருகிறேன். நான் சேமித்தேன். ஒத்தக்கடை தாண்டி மேலூர் சாலையில் ஒரு மனை வாங்கிப் போட்டிருந்தேன். அந்தக் காலத்தில் கையில் நாலு காசு வைத்திருந்த மதுரைக்காரர் எவரும் அப்படி ஒரு மனை வாங்காமல் இல்லை. கல் நட்டு, வண்ணக்கொடி கட்டி, வேனில் ஏற்றிக்கொண்டு போய்ச் சாப்பாடும் போட்டு விற்றார்கள். ஊருக்கு வந்ததும் அதை விற்று அந்தப் பணத்தில் ஒரு வீட்டை ஒத்திக்கு எடுத்துவிடலாம், மாத வாடகைத் தொல்லை இல்லாமல் கால் சரியாகும்வரை ஓட்டிவிடலாம் என்பதே கணக்கு. ஆள் வந்து, விலை பேசி, முன்பணம் வாங்கும் நேரத்தில், 2016 செப்டம்பரில், அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதிவு செய்யக் கூடாது என்று உயர் நீதிமன்றம் தடை விதித்தது. விளைநிலங்கள் அழிவதைத் தடுக்கப் போட்ட தடை; அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் எனக்கு அந்த மனையை விற்றவர், அப்ரூவல் வந்துகொண்டே இருக்கிறது என்று சத்தியம் செய்தவர், அதற்குள் வேறு ஊரில் வேறு பெயரில் கொடி கட்டிக்கொண்டிருந்தார். தடை போட்ட நாளில் வாங்கியவன் மாட்டிக்கொண்டான். விற்றவனை எவரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. இதை எங்கே போய்ச் சொல்வது என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. 2017 மே மாதம், அப்படிப்பட்ட மனைகளை முறைப்படுத்திக்கொள்ள வரன்முறை விதிகள் வந்தன. அதன்படி கட்டணம் கட்டி, நடையாய் நடந்து, பிறகு விற்றேன். அதற்குள் நடக்க வேண்டியதெல்லாம் நடந்து முடிந்திருந்தது.

மனைவியையும் மகனையும் உசிலம்பட்டியில் மாமனார் வீட்டில் விட்டிருந்தேன். நீயும் அங்கேயே போய் இருக்க வேண்டியதுதானே என்று கேட்பவர்களுக்கு நம் பக்கத்தில் வீட்டோடு மாப்பிள்ளையாகப் போய் உட்காருபவனின் தட்டில் சோறு எப்படி விழும் என்பது தெரிந்திருக்காது. நான் அக்கா வீட்டுக்குப் போனேன். ஆரப்பாளையம் பக்கம் ஒரு வளவில் ஒற்றை அறை, அடுப்படி. அக்காவின் மகள் பன்னிரண்டாம் வகுப்பு. அவள் படிக்கும் அறையில் நான் காலை நீட்டிப் படுத்திருக்க, மச்சான் வாசற்படியில் படுத்தார். அக்கா ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர் சொல்லாததால்தான் கிளம்பினேன்.

வாடகைக்கு வீடு தேடிப் போனால் எல்லோரும் ஒரே மாதிரி பேசினார்கள். "என்ன வேலை பாக்குறீங்க?" "கால்பந்து ஆடினேன்." "சரிங்க தம்பி, வேலை?" குடும்பம் ஊரில் இருக்கிறது என்றால், குடும்பத்தோடு வந்து பாருங்கள் என்றார்கள். முகவரிச் சான்று கேட்டால் வெளிமாநிலத்து மெஸ்ஸின் முகவரி. திருமணமானதும் பெற்றோரின் ரேஷன் அட்டையிலிருந்து பெயரை நீக்கியிருந்தோம். புது அட்டை எடுக்க முகவரி வேண்டும், முகவரிக்கு வீடு வேண்டும்.

பள்ளிக்கூடத்தில் என்னோடு ஆடிய ஒருவன் சிம்மக்கல்லில் ஃப்ளெக்ஸ் போர்டு கடை வைத்திருந்தான். ராத்திரி கடைக்குக் காவலும் ஆச்சு என்று, எனக்குக் கூச்சம் வராதபடி காரணம் சொல்லிச் சாவியைக் கொடுத்தான். காதுகுத்து, பூப்புனித நீராட்டு, கண்ணீர் அஞ்சலி என்று அடித்து விரித்துக் காயப்போட்ட பேனர்களை ஓரமாகத் தள்ளிவிட்டுப் பாயை விரிப்பேன். மை நாற்றத்தில் தலை வலிக்கும். விடிவதற்குள் எழுந்து ரேஸ்கோர்ஸ் மைதானத்துக்குப் போய்விடுவேன்; அங்கே குழாய் உண்டு, கழிப்பறை உண்டு. ஆறரை மணிக்குப் பையன்கள் வருவார்கள். அவர்களுக்குப் பயிற்சி கொடுப்பேன். காரில் கொண்டுவந்து விடும் பெற்றோர் "கோச் சார், எங்க வீடு பக்கம் வந்தா ஒரு எட்டு வாங்க, நீங்க எந்த ஏரியா?" என்று கேட்பார்கள். சிம்மக்கல் என்பேன். பொய் இல்லையே.

நடைபாதையில் படுக்கவில்லையே, அதெல்லாம் வீடற்ற நிலையா என்று ஒருவர் கேட்கக்கூடும். நம் ஊரில் ஆட்டக்காரன் தெருவுக்கு வருவதற்கு முன் அக்கா வீடு, நண்பன் கடை, கல்யாண மண்டபத்தின் வாட்ச்மேன் அறை என்று பல படிகள் இருக்கின்றன. ஒவ்வொரு படியிலும் ஒரு உறவு தீரும். எங்கள் காலத்துக் கோல்கீப்பர் அண்ணன் ஒருவர் இன்றும் அப்படியொரு மண்டப அறையில்தான் இருக்கிறார். முகூர்த்தம் இல்லாத ஆடியிலும் மார்கழியிலும் அவருக்குச் சாப்பாட்டுக்கே திண்டாட்டம்.

அரசு ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். நலிந்த நிலையில் உள்ள முன்னாள் வீரர்களுக்குத் தமிழ்நாடு அரசு மாதம் 6,000 ரூபாய் ஓய்வூதியம் தருகிறது. 58 வயது நிறைந்திருக்க வேண்டும், தேசிய அல்லது பன்னாட்டுப் போட்டியில் முதல் மூன்று இடங்களுக்குள் வந்திருக்க வேண்டும். 34 வயதில் முழங்கால் போனவன் 58 வரை என்ன செய்வது? மத்திய அரசின் ஓய்வூதியம் 30 வயதிலேயே கிடைக்கும், ஆனால் ஒலிம்பிக், ஆசிய விளையாட்டு போன்றவற்றில் பதக்கம் வேண்டும். இந்தியக் கால்பந்து அணி ஆசிய விளையாட்டில் கடைசியாகப் பதக்கம் வாங்கியது 1970-இல், பாங்காக்கில், வெண்கலம். அதன் பிறகு நாட்டுக்காக ஆடிய எவ்வளவு பெரிய கால்பந்து வீரரும் அந்த வாசலில் நிற்க முடியாது. தனி விளையாட்டுக்குப் போடும் அளவுகோலைக் குழு விளையாட்டுக்கும் அப்படியே போட்டால் இப்படித்தான் ஆகும்.

மேசை வேலை கிடைத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நான் சொல்லவில்லை. இந்திய அணிக்குத் தலைமை தாங்கிய வி.பி. சத்யன் இந்தியன் வங்கியில் வேலையில் இருந்தவர். 2006 ஜூலையில் சென்னையில் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். அவருடைய கால்கள் பட்ட பாடு அவரோடு ஆடியவர்களுக்குத் தெரியும். அதைப் பற்றி எழுத எனக்கு மனம் வரவில்லை.

இப்போது நிலைமை மாறிவிட்டது, ஐ.எஸ்.எல். என்ற இந்தியன் சூப்பர் லீக் வந்துவிட்டது என்று என் மாணவர்களின் அப்பாக்கள் சொல்வார்கள். முதல் தேசிய லீக்கை வென்ற ஜே.சி.டி. அணி 2011-இல் கலைக்கப்பட்டது. மகிந்திரா யுனைடெட் அதற்கு முந்தைய ஆண்டே போனது. தேசிய லீக்குக்குப் பின் வந்த ஐ லீக் கோப்பையை 2018–19-இல் கோவையில் ஆடி வென்ற சென்னை சிட்டி, 2021–22 பருவத்தில் அந்த லீக்கிலேயே இல்லை. 2025 ஜூலையில் ஐ.எஸ்.எல். தொடரையே நிறுத்தி வைத்தார்கள்; அடுத்த மாதம் பெங்களூரு அணி சம்பளத்தை நிறுத்தியது, சென்னையின் எஃப்.சி. செயல்பாடுகளை நிறுத்தி வைத்தது. அணிகளை நான் குறை சொல்லவில்லை, வருமானம் இல்லாமல் அவர்கள்தான் எங்கே போவார்கள். அந்த மாதத்து வாடகையை வீரர்கள் எப்படிக் கட்டியிருப்பார்கள் என்றுதான் நினைத்துக்கொண்டேன்.

எனக்கு ரயில்வே அண்ணன் ஒருவர் சொல்லி ஒரு தனியார் பள்ளியில் வேலை கிடைத்தது. விளாங்குடியில் வாடகை வீடு, மனைவியும் மகனும் வந்துவிட்டார்கள்.

உங்கள் பையனை ஆட விடுங்கள். ஒப்பந்தம் வரும்போது தொகையைப் பார்த்து மலைக்காமல், ஒப்பந்தம் முடிந்த பின்னும் தங்கும் இடம் எத்தனை மாதம் உண்டு, அடிபட்ட காலத்தில் சம்பளம் உண்டா என்று இரண்டையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பட்டப்படிப்பைத் தபாலிலாவது முடிக்கச் செய்யுங்கள். தமிழ்நாட்டு அரசுப் பணிகளில் மூன்று சதவீத விளையாட்டு ஒதுக்கீடு இருக்கிறது, அதற்கும் படிப்பு வேண்டும், சான்றிதழ்கள் ஒன்றுவிடாமல் வேண்டும். அவன் பெயர் உங்கள் ரேஷன் அட்டையிலேயே இருக்கட்டும். எந்த கிளப் என்று பின்னூட்டத்தில் கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன். கடைசிப் பருவத்தின் பாக்கி இன்னும் வரவில்லை. அந்த மேலாளர் இன்றும் பொங்கலுக்குப் போன் செய்து, பேசிக்கொண்டிருக்கிறேன் என்கிறார்.