வரையவும் கேம் பண்ணவும் ஒரே டேப்லெட் போதுமா? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: சின்ன வயசுலேருந்து நோட்டுப் பின்பக்கம் பூரா வரைஞ்சு தள்றவ நான், இப்போ சொந்தமா ஒரு மொபைல் கேம் பண்ணணும்னு ஆசை வந்திருக்கு, சின்னதா 2டி கேம்தான். படம் வரையறது, கேம் உருவாக்குறது ரெண்டுத்துக்கும் சேர்த்து ஒரே டேப்லெட்டா வாங்கிடலாம்னு பாக்குறேன். எது நல்லது? வீட்ல 8 ஜிபி ரேம் இருக்கிற பழைய லேப்டாப் ஒண்ணு சும்மா கிடக்கு.

பதில்: சும்மா கிடக்குன்னு சொன்னீங்களே, அதை முதல்ல தூசு தட்டி எடுங்க, உங்களுக்குக் கேம் பண்ணிக் கொடுக்கப் போறது அதுதான். கேம் கட்டுற சாஃப்ட்வேருக்கு கேம் இன்ஜின்னு பேரு, அதுல யூனிட்டி, அன்ரியல் ரெண்டோட எடிட்டரும் விண்டோஸ், மேக், லினக்ஸ் இந்த மூணுலதான் ஓடும், ஐபேட்லயும் ஓடாது ஆண்ட்ராய்டு டேப்லயும் ஓடாது. அந்த இன்ஜின்ல பண்ண கேமெல்லாம் டேப்ல சூப்பரா ஓடுதே, அப்புறம் ஏன் முடியாதுன்னு நிறைய பேர் இங்கதான் குழம்புறாங்க, கேம் ஓடுறது வேற, கேமை உருவாக்குற எடிட்டர் ஓடுறது வேற. டேப்லயே பண்ணியே தீருவேன்னா வழி இல்லாம இல்ல. கோடாட் இன்ஜினுக்கு 2022லேருந்து ஆண்ட்ராய்டு எடிட்டர் இருக்கு, அதோட சொந்த மொழியான ஜிடிஸ்க்ரிப்ட்ல கோடு எழுதலாம், சி ஷார்ப்ங்கிற மொழி அதுல கிடையாது. ஐபேட்ல ஸ்விஃப்ட் ப்ளேகிரவுண்ட்ஸ்னு ஆப்பிளோட கோடு எழுதுற ஆப் இருக்கு, 2021 கடைசியில வந்த 4வது வெர்ஷன்லேருந்து ஐபேட்லேருந்தே ஆப் ஸ்டோருக்கு அனுப்பலாம். ஆனா கீபோர்டு இல்லாம, பாதித் திரையை அடைச்சுக்கிற டச் கீபோர்டுல 200 வரி கோடு அடிச்சுப் பாருங்க, அன்னைக்கு ராத்திரியே லேப்டாப்பைத் தேடுவீங்க.

அதனால வேலையைப் பிரிச்சுக்குங்க. வரையறது டேப்ல, கட்டுறது லேப்டாப்ல. கோடாட்ல 2டி பண்ண 8 ஜிபி தாராளம், யூனிட்டின்னா திறக்கும், ஆனா திறந்து முடிக்கிறதுக்குள்ள நீங்க இன்னொரு கேரக்டர் வரைஞ்சு முடிச்சிருப்பீங்க.

இன்னொண்ணு, கடையில டேப்லெட்னு கேட்டா ரெண்டு வேற வேற சாமானைக் காட்டுவாங்க. ஒண்ணு நாம பேசிட்டிருக்கிற டேப். இன்னொண்ணு திரையே இல்லாத பலகை, யூஎஸ்பில லேப்டாப்போட சேர்த்து பேனாவால வரையறது, வேக்கம், ஹூயான், எக்ஸ்பி-பென் எல்லாம் பண்றாங்க. அந்தப் பேனாவுக்கு பேட்டரியே கிடையாது, பலகைதான் அதுக்கு சக்தி கொடுக்குது. கை கீழயும் கண்ணு மேலயும் இருக்கணும், முதல் ரெண்டு வாரம் வட்டம் வரைஞ்சா கத்திரிக்கா மாதிரி வரும், அப்புறம் பழகிடும். இதோட க்ரிட்டாங்கிற வரையற சாஃப்ட்வேரை இலவசமா இறக்கிக்கிட்டா உங்க முதல் கேமுக்கு உண்மையிலேயே வேற எதுவும் வேண்டாம். படுத்துக்கிட்டு வரையணும், பஸ்ல வரையணும்னா மட்டும் அடுத்த கேள்விக்குப் போங்க.

கேள்வி: ஐபேடா, ஆண்ட்ராய்டு டேபா? ஒரே வரியில சொல்லுங்க.

பதில்: ஒரே வரியில சொன்னா சண்டைதான் வரும். பேனாவைப் பார்த்து டேபை வாங்குங்க, டேபை வாங்கிட்டு பேனா தேடாதீங்க. ஆப்பிள் பென்சில்னு ஒரே பேர்ல நாலு வகை இருக்கு, எல்லாம் எல்லா ஐபேடுக்கும் ஒத்துப்போகாது. அதுலயும் 2023ல வந்த யூஎஸ்பி-சி பென்சிலுக்கு அழுத்தம் தெரியாது, அதாவது அழுத்தினாலும் மெல்லத் தொட்டாலும் கோடு ஒரே தடிமன்தான். நோட்ஸ் எழுத ஓகே, வரையறவங்களுக்கு அது வேண்டவே வேண்டாம். சாதா ஐபேட் வாங்கினா அழுத்தம் வேணும்னா முதல் தலைமுறை பென்சில்தான் கதி. எம்2 சிப் வெச்ச ஏர்லேருந்து பென்சில் ப்ரோ வேலை செய்யும். சாதா ஐபேட்ல கண்ணாடிக்கும் திரைக்கும் நடுவுல மெல்லிசா ஒரு இடைவெளி இருக்கும், பேனா முனை ஒரு இடம் கோடு ஒரு இடம்ங்கிற மாதிரி தோணும், சிலருக்கு அது கண்ணுக்கே தெரியாது சிலருக்குப் பைத்தியம் பிடிக்கும், நான் ரெண்டாவது ஜாதி.

சாம்சங் டேப் எஸ் வரிசையில பெரும்பாலும் எஸ் பென் பெட்டிக்குள்ளயே வந்துடும், உள்ளே வேக்கம் டெக்னாலஜிதான், வரையறதுக்கு சார்ஜும் வேண்டாம். ஆப் விஷயத்துல, ப்ரோக்ரியேட் ஐபேட்ல மட்டும்தான், ஒரு தடவை காசு கொடுத்தா முடிஞ்சது. க்ளிப் ஸ்டுடியோ பெயின்ட் ரெண்டுலயும் உண்டு, ஆனா டேப்ல சந்தா கட்டணும். க்ரிட்டா ஆண்ட்ராய்டு டேப்ல ஓடும், ஐபேட்ல இல்ல.

வரையற சுகத்துக்கு மட்டும்னா நான் ஐபேட்னு சொல்லிடுவேன். ஆனா உங்களுக்கு கேமும் ஓட்டிப் பாக்கணும்ல, அங்கதான் கணக்கு மாறுது. ஆண்ட்ராய்டு டேப்னா டெவலப்பர் ஆப்ஷன்ஸ்ல யூஎஸ்பி டீபக்கிங்கை ஆன் பண்ணி கேபிளை மாட்டினா லேப்டாப்லேருந்து பில்ட், அதாவது ஓடத் தயாரான கேம், நேரா உள்ள போய் உக்காந்துடும். ஐபேட்ல நீங்க யூனிட்டிலயோ கோடாட்லயோ பண்ணதை ஏத்தணும்னா ஆப்பிளோட எக்ஸ்கோட் சாஃப்ட்வேர் வேணும், எக்ஸ்கோடுக்கு மேக் வேணும். ப்ளே ஸ்டோர் பதிவுக் கட்டணம் ஒரே தடவை, ஆப்பிளுக்கு வருஷா வருஷம். விண்டோஸ் லேப்டாப் வெச்சிருக்கிறவங்க ஐபேட் வாங்கினா அது நல்ல ஸ்கெட்ச் புக், அவ்ளோதான். மேக் வெச்சிருந்தா கதையே வேற, சைட்கார்னு ஒரு வசதி 2019லேருந்து இருக்கு, ஐபேடையே மேக்கோட ரெண்டாவது திரையா மாத்தி பென்சிலால வரையலாம்.

கேள்வி: ஒரு பேனாவுக்கு 8192 அழுத்த நிலைனு போட்டிருக்கான், இன்னொண்ணுல 4096தான். டபுள் நல்லதுதானே?

பதில்: பெட்டி மேல நல்லது. கைக்கு வித்தியாசம் தெரியாது. எவ்ளோ மெல்லத் தொட்டா கோடு விழ ஆரம்பிக்குது, அதுதான் முக்கியம், அதை யாரும் பெட்டி மேல போடுறதில்ல. கடையில ஒரு ஸ்கேலை சாய்வா வெச்சு ரொம்ப ரொம்ப மெதுவா ஒரு கோடு இழுங்க, அலை அலையா வந்தா வெச்சுட்டு வந்துடுங்க. ஸ்கேல் இல்லாம கையால இழுத்துட்டு பேனா சரியில்லன்னு சொல்லாதீங்க, ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னு சொன்ன கதை ஆயிடும்.

கேள்வி: சர்ஃபேஸ் மாதிரி விண்டோஸ் டேப் வாங்கினா ரெண்டு வேலையும் ஒண்ணுலயே முடியுமே?

பதில்: முடியும், நிஜமாவே முடியும், யூனிட்டி, க்ரிட்டா எல்லாம் அதுலயே ஓடும். ஆனா பேனாவும் கீபோர்டும் பெரும்பாலும் தனியா வாங்கணும், பில்ட் போடும்போது டேபோட முதுகு சுடும், அதே சூட்டுல கை வெச்சு வரையணும். நான் மேல சொன்ன ஸ்கேல் டெஸ்ட்டை இதுல கண்டிப்பா பண்ணிப் பாருங்க, மெதுவா இழுக்கிற சாய்வுக் கோடு நடுங்குறது இந்த வகை பேனாவோட பழைய வியாதி. ரேமை அப்புறம் ஏத்திக்கலாம்ங்கிற பேச்சே கிடையாது, முதல்லயே 16 ஜிபி எடுங்க. ஸ்னாப்டிராகன் சிப் உள்ளதுன்னா உங்க சாஃப்ட்வேர் ஒவ்வொண்ணும் அதுல ஓடுமான்னு பார்த்துட்டுக் காசு கொடுங்க.

கேள்வி: ப்ரோக்ரியேட்ல ரொம்ப அழகா வரைஞ்ச கேரக்டரை கேம்ல போட்டதும் போன்ல அழுக்கு மாதிரி தெரியுது, கேமும் திக்குது. டேபை மாத்தணுமா?

பதில்: டேப் பாவம், அதை விடுங்க. நானும் இதே பள்ளத்துல விழுந்தவன்தான், 4000 பிக்சல் கேன்வாஸ்ல ஒரு குருவிக்கு இறகு இறகா நிழல் போட்டு மூணு நாள் உழைச்சேன், போன்ல அது சுண்டு விரல் நகம் அளவுல ஒரு பழுப்புப் புள்ளி.

கணக்கு இதுதான். 2048க்கு 2048 படம் ஒண்ணு, பிக்சலுக்கு 4 பைட், சுருக்காம மெமரில 16 எம்பி பிடிக்கும். பிஎன்ஜி ஃபைல் 1 எம்பிதானேன்னு நினைக்காதீங்க, கேம் ஓடும்போது அது விரிஞ்சுதான் உக்காரும். 20 படம் அப்படிப் போட்டா 320 எம்பி, சின்ன போன் மூச்சுத் திணறாம என்ன பண்ணும்? இன்ஜின்ல ஏஎஸ்டிசின்னு படத்தை மெமரில சுருக்குற கம்ப்ரஷன் போடுங்க, நல்லாவே குறையும். திரையில கேரக்டர் 250 பிக்சல் உயரம்தான்னா 500ல வரைஞ்சா போதும். வெளிக்கோடு தடிமனா, நிறம் கொஞ்சமா, தூரத்துலேருந்து பார்த்தாலே யாருன்னு தெரியற உருவமா இருக்கட்டும். கை, கால், தலை தனித்தனி லேயர்ல வரைஞ்சு லேயரோட சேமிக்கிற பிஎஸ்டி ஃபைலா எடுத்தா அசைக்கிறதும் சுலபம். கேன்வாஸ் சின்னதானா ப்ரோக்ரியேட்ல லேயரும் நிறைய கிடைக்கும், அங்க லேயர் எண்ணிக்கை ரேமையும் கேன்வாஸ் அளவையும் பொறுத்ததுதான்.

கேள்வி: டேப்லயே கேமை டெஸ்ட் பண்ணிட்டா போன் தேவையில்லதானே?

பதில்: தேவை. ஐபேட் திரை 4:3க்குப் பக்கம், ஆண்ட்ராய்டு டேப் நிறைய 16:10, இப்போ வர்ற போன் எல்லாம் கிட்டத்தட்ட 20:9னு ஒல்லிக்குச்சி. டேப்ல அம்சமா ஓரத்துல இருந்த பட்டன் போன்ல கேமரா ஓட்டைக்குள்ள போய் ஒளிஞ்சுக்கும். பட்டன் ஆண்ட்ராய்டுல 48 டிபிக்கும் ஆப்பிள்ல 44 பாயின்ட்டுக்கும் குறையக் கூடாதுன்னு அவங்களே சொல்றாங்க (டிபி, பாயின்ட் ரெண்டும் திரையில அளக்குற அலகு). டேபை மேஜையில வெச்சு ஆள்காட்டி விரலால ஆடுவோம், போனை ரெண்டு கையாலயும் பிடிச்சு கட்டை விரலால ஆடுவோம், ரெண்டும் வேற விளையாட்டு. வீட்ல யாராவது தூக்கிப் போட்ட பழைய ஆண்ட்ராய்டு போன் இருந்தா கேட்டு வாங்கி வெச்சுக்குங்க, அதுல திக்காம ஓடுச்சுன்னா எதுலயும் ஓடும்.

கேள்வி: பேப்பர் மாதிரி இருக்கிற ஸ்க்ரீன் ஃபிலிம் ஒட்டலாமா?

பதில்: வழுக்காம இருக்கும், சுகமா இருக்கும். பேனா முனை சீக்கிரம் தேயும், நிறம் லேசா மங்கும். ஒட்டுறதுக்கு முன்னாடி உபரி முனை நாலு வாங்கி வெச்சுக்குங்க.