அப்பாவின் பீடி (கடிதமும் பதிலும்)

அன்புள்ள அக்கா,

புதுக்குடியிருப்பிலிருந்து எழுதுகிறேன். 2009க்குப் பிறகுதான் அப்பா இப்படிப் பீடி குடிக்கத் தொடங்கினார். இப்போது இருமல் கூடிவிட்டது. நிறுத்தச் சொன்னால் அம்மா என்னைத்தான் ஏசுகிறா. "அதுதான் அந்த மனுசனைப் பிடிச்சு வைச்சிருக்கு. அதையும் பறிச்சால் தலை பிசகிப்போகும்" என்கிறா. மாதாமாதம் மனநல கிளினிக்கில் ஓலான்சபைன் என்ற மனநோய் மருந்து எடுக்கிறார். அம்மா சொல்வது சரியா?

*

அன்புத் தங்கச்சி,

அம்மா கண்ணால் கண்டதைச் சொல்கிறா. விடியப்புறம் கை நடுங்க நெருப்புக்குச்சி தட்டி, இரண்டு இழுவை இழுத்ததும் முகம் தெளிவதைப் பார்க்கிற எவருக்கும் அப்படித்தான் தோன்றும். ஆனால் அந்தத் தெளிவில் பெரும்பங்கு, பீடி உண்டாக்கிய தவிப்பைப் பீடியே அடக்குவதுதான். நிக்கோட்டின் சில வினாடிகளில் மூளைக்குப் போகும், இரண்டு மணித்தியாலத்தில் இரத்தத்தில் பாதியாகிவிடும். பிறகு எரிச்சல், பதற்றம், அடுத்த பீடி. இரவு முழுக்கக் குடிக்காததால் விடியலில் தவிப்பு கூட. போர் விட்டுப்போன பதற்றமும் இதோடு கலந்து கிடப்பதால், எது எதென்று அப்பாவுக்கே பிரிக்கத் தெரியாது.

2021இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்துப் பார்க்கும் கொக்ரேன் அமைப்பு 102 ஆய்வுகளை, ஏறக்குறைய 170,000 பேரின் தரவுகளை, ஒன்றுசேர்த்துப் பார்த்தது. புகையை விட்டவர்களுக்குப் பதகளிப்பும் மனச்சோர்வும், தொடர்ந்து புகைத்தவர்களைவிடக் குறைந்திருந்தன. மனம் தேறியவர்கள்தான் விட்டார்களோ என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான், முழுதாகத் தீரவுமில்லை. என்றாலும் விட்டால் மனம் குலைந்துவிடும் என்ற பயத்துக்கு அதில் ஆதாரமில்லை. மனநோய் உள்ளவர்களிடமும் இதே நன்மை தெரிந்ததாக 2014இல் வந்த முந்தைய தொகுப்பாய்வு சொல்கிறது.

பீடியை விட்டால் போரின் காயம் ஆறிவிடும் என்று நான் சொல்லவில்லை. அதற்கு வேறு வைத்தியம் வேண்டும்.

இனி முக்கியமான விசயம். நீங்களாகப் பீடிக்கட்டை ஒளித்து வைக்காதீர்கள். புகையிலுள்ள தார், ஈரல் ஓலான்சபைனைச் சிதைக்கும் வேகத்தைக் கூட்டும். அப்பா திடீரென்று நிறுத்தினால் அதே அளவு மருந்து இரத்தத்தில் கூடிவிடும், தூக்கமும் தலைச்சுற்றும் வரலாம். வீட்டில் அதை "பீடி இல்லாததால் வந்த வருத்தம்" என்று நினைத்துவிடுவீர்கள். அடுத்த கிளினிக் நாளில் கூடப் போங்கள். ஒரு நாளைக்கு எத்தனை பீடி, எப்போது விட நினைக்கிறார் என்று டொக்டரிடம் சொல்லுங்கள். மருந்தின் அளவை அவர் பார்த்துக்கொள்வார்.

முதல் சில நாட்கள் கடினம். இரண்டு முதல் நான்கு கிழமைக்குள் தவிப்பு பெரும்பாலும் தணியும். அறுப்பு முடிந்து வேலை குறைந்த நேரமாய்ப் பாருங்கள். அந்த நாட்களில் அவர் கத்தினால், அம்மாவும் நீங்களும் பதிலுக்குக் கத்தாதீர்கள். இரவில் சமாளிக்க முடியாவிட்டால் 1926க்கு அழையுங்கள், அது தேசிய மனநல உதவி இலக்கம்.