ஞாயிற்றுக்கிழமையும் கணக்கில் சேரும்

கேள்வி: வேலை வாங்கித் தருவதாகப் பணம் வாங்கினான் என்று என் தம்பி மீது மோசடி வழக்கு. பி.என்.எஸ். (புதிய தண்டனைச் சட்டம்) 318(4) மட்டும்தான் போட்டிருக்கிறார்கள். மார்ச் 13 வியாழனன்று ரிமாண்ட் ஆனான். மே 11 ஞாயிறோடு 60 நாள். "ரிமாண்ட் ஆன நாளைச் சேர்க்கக் கூடாது, ஞாயிறும் லீவு, திங்கட்கிழமை சார்ஜ் ஷீட் போட்டால் போதும்" என்கிறார் இன்ஸ்பெக்டர். அப்படியா?

பதில்: இல்லை. இந்தப் பிரிவுக்கு அதிகபட்ச தண்டனை 7 ஆண்டு. எனவே பி.என்.எஸ்.எஸ். (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 187(3)இன்படி சார்ஜ் ஷீட் போடக் கெடு 60 நாள்தான். அதற்குள் போடாவிட்டால் ஜாமீன் பெறும் உரிமை வந்துவிடும், அதுதான் கட்டாய ஜாமீன். ரிமாண்ட் ஆன நாளே முதல் நாள். கபில் வாதவான் வழக்கில் 2023இல் உச்ச நீதிமன்றம் இதைத் தீர்த்துவைத்துவிட்டது. அங்கும் 60ஆவது நாள் ஞாயிறுதான். சனிக்கிழமை ஈமெயிலில் அனுப்பிவிட்டு, திங்களன்று நேரில் தாக்கல் செய்தது அமலாக்கத்துறை. ஜாமீன் நிலைத்தது. ஞாயிற்றுக்கிழமை ஆளை மாஜிஸ்திரேட் வீட்டுக்கே கொண்டுபோய் ரிமாண்ட் செய்கிற போலீசுக்கு, சார்ஜ் ஷீட்டுக்கு மட்டும் ஞாயிறு தடையாவது என்ன நியாயம்? கொரோனா ஊரடங்குக் காலத்தைக்கூடக் கழிக்க முடியாது என்று மதுரை மாவட்டம் சமயநல்லூர் போலீஸ் போட்ட வழக்கிலேயே 2020இல் தீர்ப்பாகியிருக்கிறது.

ஆனால் இந்த உரிமை தானாக வீடு தேடி வராது, கேட்க வேண்டும். அதுவும் சார்ஜ் ஷீட் வருவதற்கு முன்னால். சென்னையிலிருந்து உச்ச நீதிமன்றத்துக்குப் போன ரவீந்திரன் வழக்கு போதைப்பொருள் வழக்கு, அதில் கெடு 180 நாள். அது முடிந்த மறுநாள் காலையில் மனு. அன்று மாலையே வருவாய்ப் புலனாய்வுத் துறை கூடுதல் புகாரை (சார்ஜ் ஷீட் மாதிரி) தாக்கல் செய்தது. மனு முந்திக்கொண்டதால் ஜாமீன் கிடைத்தது. அதனால் மே 12 திங்களன்று கோர்ட் திறந்ததும் உங்கள் வக்கீல் முதல் வேலையாகக் கட்டாய ஜாமீன் மனுவைக் கொடுக்கட்டும். சனிக்கிழமையே கொடுத்தால் காலத்துக்கு முந்தியது என்று தள்ளிவிடுவார்கள். மனுவில் தாக்கலான நேரத்தையும் குறித்து வாங்குங்கள். நாளைக்கு ஒரு தகராறு வந்தால் அந்த நேரம்தான் பேசும்.

வாங்கிய பணத்தைக் கட்டினால்தான் ஜாமீன் என்று சொன்னால் பயப்படாதீர்கள். சரவணன் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் போட்ட 8 லட்சம் ரூபாய் டெபாசிட் நிபந்தனையை, கட்டாய ஜாமீனில் அப்படிக் கேட்க முடியாது என்று 2020இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது.

அப்புறம், ஜாமீன்தாரர்கள். உத்தரவு வந்தும் சொன்ன கெடுவுக்குள் ஜாமீன்தாரரைக் காட்டாவிட்டால், இடையில் சார்ஜ் ஷீட் வந்து உரிமை போய்விடும். ஆதார், சொத்துவரி ரசீதோடு வரக்கூடிய இரண்டு பேரிடம் இன்றைக்கே பேசி வையுங்கள்.