சூடும் வேணும், பெட்ரோலும் மிஞ்சணும்

வண்டி வைத்தியம்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அண்ணாச்சி, மகளும் மருமகனும் கனடாவில், டொரன்டோ பக்கம் இருக்கிறார்கள். போன டிசம்பரில் போய் மூன்று மாதம் இருந்துவிட்டு வந்தேன். மருமகன் ஹைபிரிட் கார் வைத்திருக்கிறார், பெட்ரோல் எஞ்சினும் பேட்டரி மோட்டாரும் சேர்ந்த வண்டி. நான் ஹீட்டரை 24-இல் வைத்தால், 'மாமி, மைலேஜ் போகுது' என்று 19-க்கு இறக்கிவிடுவார். கார் ஹீட்டருக்குப் பெட்ரோல் செலவே கிடையாது என்று என் தம்பி அடித்துச் சொல்கிறான். யார் சொல்வது சரி? இந்த டிசம்பரிலும் போகிறேன். முழங்கால் வலி வேறு இருக்கிறது.
ஓய்வுபெற்ற ஆசிரியை, தக்கலை

பதில்: டீச்சர், இரண்டு பேர் சொல்வதும் சரிதான். ஆனால் தம்பி பேசுவது ஒரு வண்டியைப் பற்றி, மருமகன் பேசுவது வேறொரு வண்டியைப் பற்றி.

சாதாரணக் காரில் நூறு ரூபாய்க்குப் பெட்ரோல் போட்டால், ஊருக்குள் ஓட்டும்போது சக்கரத்தைச் சுற்றப் போவது முப்பது ரூபாய்கூடத் தேறாது. மீதியெல்லாம் சூடாகிப் புகைக்குழாய் வழியாகவும் ரேடியேட்டர் வழியாகவும் காற்றோடு போய்விடும். டாஷ்போர்டுக்குள் ஒரு குட்டி ரேடியேட்டர் இருக்கிறது. எஞ்சினைச் சுற்றிவரும் சுடுதண்ணியை அதற்குள் விட்டு ஃபேனால் ஊதுவதுதான் ஹீட்டர். சோறு வடித்த கஞ்சித்தண்ணியை மாட்டுக்கு வைக்கிறோமே, அந்த மாதிரி. எப்படியும் கொட்டப் போவதுதானே?

ஹைபிரிட்டில் இந்தக் கஞ்சித்தண்ணிக்குப் பஞ்சம். எஞ்சின் சிக்கனமானது, போதாததற்கு சிக்னலில் நின்றால் அணைந்துவிடும், மெதுவாகப் போனால் பேட்டரியிலேயே உருளும். அப்புறம் சுடுதண்ணி எங்கிருந்து வரும்? தண்ணி ஆறிவிட்டது என்று கண்டால், வண்டி ஓடத் தேவையே இல்லாத நேரத்திலும் கம்ப்யூட்டர் எஞ்சினை எழுப்பிவிடும். அதாவது, கஞ்சித்தண்ணிக்காகவே சோறு வடிப்பது! சில மாடல்களில் மின்சார ஹீட்டரும் கூடவே உண்டு. ஆனால் அது பேட்டரியில் ஓடுகிறது, பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றுவது அதே எஞ்சின்தான்.

இதைக் கண்ணால் பார்த்தவன் நான். என் மகன் டொரன்டோவை ஒட்டிய மிசிசாகாவில் இருக்கிறான். ஒரு ஜனவரியில் மருமகள் கடைக்குள் போனபோது நான் வண்டியிலேயே உட்கார்ந்திருந்தேன். வெளியே மைனஸ் 12. பட்டறைக்காரன் கை சும்மா இருக்குமா? திரையில் எஞ்சின் படத்தைப் பார்த்துக்கொண்டே ஹீட்டரை 25-க்கு ஏற்றினேன், எஞ்சின் உறுமியது. ஹீட்டரை முழுக்க அணைத்தேன், கொஞ்ச நேரத்தில் சத்தம் நின்றது. மறுபடி போட்டேன், மறுபடி உறுமல். சக்கரம் ஒரு அங்குலம் நகரவில்லை, பெட்ரோல் மட்டும் எரிகிறது. மருமகள் வந்து 'மாமா, வண்டியிலே என்ன கோளாறு?' என்று கேட்கிற வரைக்கும் இதுதான் வேலை.

அமெரிக்க எரிசக்தித் துறை சொல்லும் கணக்கையும் பாருங்கள். 25 டிகிரியில் கிடைக்கிற மைலேஜ், மைனஸ் 7-இல் ஊருக்குள் ஓட்டினால் சாதாரணப் பெட்ரோல் காருக்கு 15 சதவீதம் போலக் குறையும். ஹைபிரிட்டுக்கு 30 முதல் 34 சதவீதம் வரை குறையலாம். பழியெல்லாம் ஹீட்டருக்கு மட்டும் இல்லை. கெட்டியான ஆயில், சீக்கிரம் சார்ஜ் ஏறாத குளிர்ந்த பேட்டரி, காற்று இறங்கிய டயர் எல்லாம் சேர்ந்த கூட்டுக் கணக்கு அது. என் மகன் வண்டியில் கோடையில் 4.5 காட்டும், ஜனவரியில் 6.5. ஏறியிருக்கிறதே, நல்லதுதானே என்று நினைத்துவிடாதீர்கள். அங்கே காட்டுவது நூறு கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர் என்று. எண் ஏறினால் செலவு.

சரி, முழங்காலுக்கு என்ன வழி? காருக்குள் இருக்கிற காற்றையெல்லாம் சூடாக்க வேண்டாம், உங்களைச் சூடாக்கினால் போதும். அந்த ஊர்க் கார்களில் பெரும்பாலும் சீட் ஹீட்டர் இருக்கும். ஒரு சீட்டுக்கு ஆகிற கரண்ட் பழைய குண்டு பல்பு ஒன்று எரிகிற அளவுதான். உறைகிற குளிரில் கார் முழுக்கச் சூடாக்குவதோ மூன்று நாலு இஸ்திரிப் பெட்டியைச் சேர்த்துப் போட்ட மாதிரி. முதுகுக்கும் தொடைக்கும் கீழே சூடு வந்துவிட்டால் 20 டிகிரியே தாராளம். காற்றைக் கால் பக்கம் திருப்பச் சொல்லுங்கள், மடியில் ஒரு போர்வை போட்டுக்கொள்ளுங்கள். மருமகன் 19 என்பார், நீங்கள் 21 என்று ஆரம்பியுங்கள், 20-இல் முடியும்.

அவருக்கும் இரண்டு வேலை சொல்கிறேன். காலையில் ஹீட்டரைப் போட்டுக் கால் மணி நேரம் வண்டியை நின்ற இடத்திலேயே உறும விட வேண்டாம். கண்ணாடியில் உள்ள பனியை நன்றாகச் சுரண்டிவிட்டு உடனே கிளம்பி, முதல் சில கிலோமீட்டர் மெதுவாகப் போனால் எஞ்சின் தானே சூடாகிவிடும். அப்புறம், வெப்பம் 5, 6 டிகிரி இறங்கினால் டயரில் ஒரு பவுண்டு காற்று குறையும். செப்டம்பரில் 15 டிகிரியில் அடித்த காற்று மைனஸ் 15 வரும்போது ஐந்து பவுண்டு குறைந்திருக்கும். மாதம் ஒரு தடவை பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: அண்ணா, ஒரு பழைய ஹைபிரிட் கார் வாங்கியிருக்கிறேன். ஜனவரியில் போடிமெட்டு வழியாக மூணாறு போகிறோம், குழந்தைகளும் உண்டு. போன தடவை நண்பனின் காரில் போனபோது கண்ணாடி மங்கி வழியே தெரியவில்லை. ஹீட்டர் போட்டால் மைலேஜ் போய்விடும் என்று பயமாகவும் இருக்கிறது.
மார்த்தாண்டத்திலிருந்து ஒரு வாசகர்

பதில்: தம்பி, கண்ணாடி மங்கினால் முதலில் விரலால் உள்பக்கம் ஒரு கோடு போட்டுப் பார். கோடு விழுந்தால் ஆவி உள்ளே, உங்கள் மூச்சுதான். விழாவிட்டால் ஆவி வெளியே. இரண்டுக்கும் வைத்தியம் நேர் எதிர்.

மூணாறில் வருவது உள்பக்க ஆவி. வெளிக்காற்று உள்ளே வருகிற மாதிரி வை. கார் படத்துக்குள் அம்பு வளைந்து நிற்கும் பட்டன் எரியக் கூடாது. ஏசியைப் போட்டு, வெப்பத்தைக் கூட்டி, காற்றை முன் கண்ணாடிக்குத் திருப்பு. குளிரில் யாராவது ஏசி போடுவார்களா என்று கேட்காதே, ஈரத்தை உறிஞ்சுவது ஏசிதான். நம்ம ஊரில் ஐப்பசி மழைக்கு, ஏசி சில்லென்று ஓடும்போது வில்லுக்குறி தாண்டுவதற்குள் மங்குகிறதே, அது வெளிப்பக்க ஆவி. அதற்கு வைப்பரை ஒரு தட்டுத் தட்டி, ஏசிக் குளிரைக் குறைத்து, கண்ணாடியில் அடிக்கிற காற்றை வேறு பக்கம் திருப்பினால் சரியாகும். இதில் மட்டும் மைலேஜ் பார்க்காதே. கண்ணாடி தெரியாமல் மிச்சம் பிடித்த பெட்ரோலை வைத்து என்ன செய்யப் போகிறாய்?

மேட்டில் ஏறும்போது எஞ்சின் எப்படியும் மூச்சுப் பிடித்து உழைக்கும், சூடு சும்மா கிடைக்கும், தாராளமாக ஹீட்டர் போடு. இறக்கத்தில்தான் எஞ்சின் நெடுநேரம் பெட்ரோல் இல்லாமலே கிடக்கும். அங்கே கண்ணாடி தெளிவாக இருந்தால் ஹீட்டரைக் குறைத்துவிடு. இறங்க இறங்க வெயிலுக்குத்தானே வருகிறாய்.

பல ஹைபிரிட்டுகளில் பேட்டரி சூடாகாமல் இருக்கக் காற்று இழுக்கும் ஓட்டை பின்சீட்டுப் பக்கத்தில் இருக்கும். உன் வண்டியில் எங்கே என்று கையேட்டில் பார்த்து வை. நான் ஒருமுறை கொடைக்கானல் போகையில் பிள்ளைகளின் கம்பளியை அதன்மேல் சுருட்டி வைத்துவிட்டேன். ஃபேன் கத்திய கத்தலில் பின்சீட்டில் தூங்கின ஆச்சி எழுந்து, 'யாருலே மிக்சி போடுது?' என்று கேட்டாள். கம்பளியை எடுத்தபிறகுதான் அடங்கியது.

இன்னொன்று, லாட்ஜில் மூடிய ஷெட்டுக்குள் வண்டியை ஆன் செய்துவிட்டு ஹீட்டர் போட்டுத் தூங்கவே கூடாது. ஹைபிரிட் சத்தமில்லாமல் நிற்கும், அணைந்துவிட்டது என்று நினைப்பாய். பேட்டரி இறங்கியதும் எஞ்சின் தானாக எழும்பிப் புகை கக்கும். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையும் கிடையாது.

கேள்வி: மார்கழிக் குளிரில் என் ஹைபிரிட் காரின் மைலேஜ் 23-இலிருந்து 18-க்கு இறங்கிவிட்டது. குளிர்தான் காரணமா?
கருங்கல்லிலிருந்து ஒரு வாசகி

பதில்: நம்ம குமரி மாவட்டத்து மார்கழி எஞ்சினுக்குத் தெரியவே தெரியாதம்மா. விடியற்காலையில் கடலோரத்தில் 22, 23 டிகிரி. அது குளிரா? தினமும் எத்தனை கிலோமீட்டர் ஓட்டுகிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. பிள்ளையைப் பள்ளியில் விட்டுவர மூன்று கிலோமீட்டர் என்றால் காரணம் அதுதான். ஒவ்வொரு தடவை ஆறிய பிறகும், புகைக்குழாயில் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிஸ்ட்டைச் சூடாக்க எஞ்சின் சில நிமிடம் ஓடியே தீரும். அது முடிவதற்குள் நீங்கள் பள்ளி வாசலுக்கு வந்துவிடுவீர்கள். சந்தைக்கும் வங்கிக்கும் போகிற வேலையை அதே ஓட்டத்தில் சேர்த்துப் பாருங்கள். டயரில் காற்றும் பாருங்கள். அப்படியும் ஏறவில்லை என்றால், எத்தனை லிட்டர் போட்டீர்கள், எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று இரண்டு முறை டேங்க் நிரப்பிய கணக்கை எழுதி அனுப்புங்கள்.