பதிவால் ஓட்டு விழுமா?

கேள்வி: என் நண்பர் அடுத்த தேர்தலில் நிற்கப் போகிறார். பொதுக்கூட்டம், வீடு வீடாகப் போவது எல்லாம் பழைய முறையாம். எழுதத் தெரிந்த பத்துப் பேருக்குப் பணம் கொடுத்து அரசியல் வலைப்பதிவுகளில் எழுத வைத்தால் வெற்றி நிச்சயம் என்கிறார். அமெரிக்காவிலும் மலேசியாவிலும் அப்படித்தான் ஜெயித்தார்கள் என்று உதாரணமும் காட்டுகிறார். இது எவ்வளவு தூரம் உண்மை?

பதில்: பாதி உண்மை. அந்தப் பாதியையும் உங்கள் நண்பர் தவறான பக்கத்திலிருந்து படித்திருக்கிறார்.

வலைப்பதிவைப் படித்து மனம் மாறி ஓட்டுப் போடுகிறவர்கள் மிகச் சிலர். அரசியல் பதிவுகளைத் தேடிப்போய்ப் படிப்பவர் யாருக்கு ஓட்டு என்று பெரும்பாலும் முன்பே முடிவு செய்தவர். 2004 அமெரிக்க அதிபர் தேர்தல் சமயத்தில் அரசியல் பதிவுகள் எந்தெந்தப் பதிவுகளுக்கு இணைப்புக் கொடுத்தன என்று எண்ணிப் பார்த்தார்கள். 91 சதவீத இணைப்புகள் தங்கள் அணிக்குள்ளேயே சுற்றின. 2010-இல் வெளிவந்த இன்னோர் ஆய்வு வாசகர்களைக் கணக்கெடுத்தது. அரசியல் பதிவு படிப்பவர்களில் 94 சதவீதம் பேர் ஒரே தரப்பின் பதிவுகளை மட்டுமே படித்தார்கள். உங்கள் நண்பரின் பத்துப் பேரும் இரவு பகலாக எழுதினாலும், அதைப் படிக்கப் போகிறவர்கள் ஏற்கெனவே அவர் பக்கம் இருப்பவர்கள்தான்.

பிறகு எப்படிப் பதிவுகள் தேர்தலைத் தொடுகின்றன? வேட்பாளருக்கும் வாக்காளருக்கும் நடுவில் சிலர் நிற்கிறார்கள்: செய்தியாளர், நன்கொடை தருபவர், களத்தில் இறங்கும் தொண்டர், யாருக்கு சீட் என்று முடிவு செய்பவர். பதிவு அசைப்பது இவர்களை. எத்தனை குறைவான பேர் முடிவெடுக்கிறார்களோ அந்த அளவுக்குப் பதிவின் பலம் கூடும். முடிவெடுப்பவர்கள் பல லட்சம் பேர் என்றாகும்போது அந்தப் பலம் கரைந்துவிடும்.

செய்தியாளர் வழியாக நடப்பதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு 2002 டிசம்பரில் அமைந்தது. ஸ்ட்ராம் தர்மண்ட் என்ற செனட்டரின் நூறாவது பிறந்தநாள் விழாவில், குடியரசுக் கட்சியின் செனட் தலைவர் டிரென்ட் லாட் பேசினார். 1948-இல் தர்மண்ட் அதிபர் பதவிக்கு நின்றபோது எங்கள் மாநிலம் அவருக்கு ஓட்டுப் போட்டது, நாடும் போட்டிருந்தால் இத்தனை தொல்லைகள் வந்திருக்காது என்பது அவர் சொன்னதன் சாரம். தர்மண்ட் 1948-இல் நின்றது, கறுப்பரையும் வெள்ளையரையும் பிரித்தே வைக்க வேண்டும் என்ற கொள்கையோடு. விழாவில் செய்தியாளர்கள் இருந்தும் பெரும்பாலோர் இதைக் கண்டுகொள்ளவில்லை. பதிவர்கள் விடவில்லை. தர்மண்ட் கட்சியின் 1948 தேர்தல் அறிக்கையைத் தேடி எடுத்துப் போட்டார்கள். 1980-இலும் லாட் கிட்டத்தட்ட இதையே பேசியிருந்தது வெளியே வந்தது. பிறகுதான் நாளிதழ்களும் தொலைக்காட்சிகளும் கையில் எடுத்தன. டிசம்பர் 5-இல் பேசியவர், 20-ஆம் தேதி தலைவர் பதவியை விட்டு விலகினார்.

இதில் கவனிக்க வேண்டியது பதிவர்களின் கோபத்தை அல்ல. மறுநாள் புதிதாக ஏதும் சேராவிட்டால் நாளிதழில் ஒரு செய்தி செத்துப்போகும். பதிவர்கள் ஒவ்வொரு நாளும் ஓர் ஆதாரத்தைச் சேர்த்து அதை உயிரோடு வைத்திருந்தார்கள். செய்தியாளர் எடுத்துப் பயன்படுத்தக்கூடியது ஆவணம், தேதி, ஒலிப்பதிவு. கருத்தை அவர் எடுக்கமாட்டார். அது அவரிடமே ஏராளமாக இருக்கிறது.

சீட் விஷயத்துக்கு வர்ஜீனியாவைப் பாருங்கள். 2006-இல் அங்கே ஜனநாயகக் கட்சியின் செனட் வேட்பாளராக ஜிம் வெப் நிற்க வேண்டும் என்று இணையத்தில் இயக்கம் நடத்தியவர்கள் பதிவர்கள். ரேகன் ஆட்சியில் கடற்படைச் செயலாளராக இருந்த அவர், உட்கட்சித் தேர்தலில் ஏறக்குறைய 53-க்கு 47 என்று வென்றார். பதிவு செய்த வாக்காளர்களில் நூற்றுக்கு நான்கு பேர்கூட அன்று ஓட்டுப் போட வரவில்லை. அப்படிப்பட்ட தேர்தலில் சில ஆயிரம் ஆர்வலர்களைத் தட்டி எழுப்ப முடிந்தாலே போதும், பதிவர்களால் அது முடிந்தது. நவம்பரில் வெப் வென்ற கதை வேறு. எதிர்வேட்பாளர் ஜார்ஜ் ஆலன், தன் கூட்டத்தைப் படம்பிடித்துக்கொண்டிருந்த இந்திய வம்சாவளி இளைஞரை இழிவாக அழைத்தது அந்தக் கேமராவிலேயே பதிவானது. பதிவுகள் அதை வாரக்கணக்கில் ஓடவிட்டன, தேசியப் பத்திரிகைகளும் சேர்ந்துகொண்டன. முடிவில் வித்தியாசம் சுமார் 9,000 ஓட்டு. இவ்வளவு சிறிய வித்தியாசத்தில் எந்தக் காரணமும் தீர்மானித்த காரணமாக இருக்கலாம்.

பணத்துக்கும் தொண்டருக்கும் ஹோவர்ட் டீன். வெர்மான்ட் மாநிலத்தின் முன்னாள் ஆளுநர், நாட்டில் அதிகம் அறியப்படாதவர், 2004 அதிபர் தேர்தலுக்கு ஜனநாயகக் கட்சியின் வேட்பாளராக முயன்றவர். 2003-இல் அவருடைய பிரசாரக் குழுவே வலைப்பதிவு நடத்தியது. ஒரு தொகை, ஒரு கெடு, அதுவரை எவ்வளவு சேர்ந்தது என்பதைக் காட்டும் ஒரு படம் — இவ்வளவுதான் உத்தி. துணை அதிபர் டிக் செனி ஒரு தட்டுக்கு 2,000 டாலர் வாங்கி விருந்து நடத்தியபோது, டீன் கணினி முன் உட்கார்ந்து சாண்ட்விச் சாப்பிட்டு, சில நாட்களில் சுமார் 5 லட்சம் டாலர் திரட்டினார். அதே ஆண்டு ஜூலை முதல் செப்டம்பர் வரை வந்தது 1 கோடியே 48 லட்சம் டாலர். இத்தனையும் கையில் வைத்துக்கொண்டு 2004 ஜனவரியில் அயோவா மாநிலத்தில் நடந்த முதல் உட்கட்சித் தேர்தலில் மூன்றாம் இடம், 18 சதவீதம். அயோவாவில் அப்போது ஓட்டு என்பது குளிர்கால இரவில் வீட்டைவிட்டு வந்து, அக்கம்பக்கத்தார் முன்னால் தன் வேட்பாளர் பக்கம் போய் நிற்பது. அதற்கு ஆளை அழைத்துவர அந்தத் தெருக்காரர் வேண்டும். பதிவைப் படித்துவிட்டு ஆரஞ்சுத் தொப்பியோடு வெளி மாநிலங்களிலிருந்து வந்திறங்கிய ஆயிரக்கணக்கான இளைஞர்களால் அது முடியவில்லை. உங்கள் நண்பர் 'பழைய முறை' என்று ஒதுக்குவது எதுவோ அது இல்லாமல்தான் டீன் தோற்றார்.

கனெக்டிகட்டில் 2006-இல் நடந்ததும் இதே கணக்குத்தான். பதிவர்களின் ஆதரவோடு நெட் லாமன்ட், பதவியிலிருந்த செனட்டர் ஜோ லீபர்மனை ஆகஸ்டில் உட்கட்சித் தேர்தலில் 52-க்கு 48 என்று தோற்கடித்தார். லீபர்மன் சுயேச்சையாக நின்றார். நவம்பரில் மாநிலம் முழுவதும் ஓட்டுப் போட்டபோது லீபர்மன் 50, லாமன்ட் 40.

மலேசியாவைச் சொன்னாரே, அது கனமான உதாரணம், எளிதில் தள்ளிவிட முடியாது. 2008 மார்ச் 8 தேர்தலில் ஆளும் கூட்டணி 222 இடங்களில் 140-ஐப் பிடித்தும் மூன்றில் இரண்டு பங்கை இழந்தது, ஐந்து மாநிலங்களில் எதிர்க்கட்சிகள் வென்றன. பதிவர் ஜெஃப் ஊய் பினாங்கின் ஜெலுத்தோங் தொகுதியில் நின்று எம்.பி. ஆனார். இணையப் போரைக் கண்டுகொள்ளாதது பெரிய தவறு என்று பிரதமர் அப்துல்லா படாவியே ஒப்புக்கொண்டார். ஆனால் அங்கே பத்திரிகை நடத்த அரசிடம் ஆண்டுதோறும் அனுமதி வாங்க வேண்டியிருந்தது. இணையத்தைத் தணிக்கை செய்யமாட்டோம் என்று அதே அரசு 1990-களில் முதலீட்டாளர்களுக்கு உறுதி கொடுத்திருந்தது. நாளிதழ் எழுதாததை எழுதும் இடமாகப் பதிவு இருந்தது. 2007 நவம்பரில் நேர்மையான தேர்தல் கேட்ட பெர்சே பேரணியும், மலேசிய இந்தியர்களின் உரிமை கேட்ட ஹிண்ட்ராஃப் பேரணியும் தெருவை நிறைத்திருந்தன. கோபம் தெருவில் இருந்தது, செய்தித்தாளில் இல்லை. அந்த இடைவெளியைப் பதிவுகள் நிரப்பின. உங்கள் நண்பரின் தொகுதியில் அப்படி ஓர் இடைவெளி இருக்கிறதா என்று அவர் முதலில் பார்க்கட்டும்.

இனி அந்தப் பத்துப் பேருக்கான பணம். இங்கேதான் எனக்குக் கவலை. 2004-இல் தெற்கு டகோடாவில் குடியரசுக் கட்சியின் ஜான் தூன், செனட்டின் ஜனநாயகக் கட்சித் தலைவர் டாம் டாஷலை 4,508 ஓட்டில் வீழ்த்தினார். டாஷலையும், அவருக்குச் சாதகமாக எழுதுவதாகச் சொல்லி உள்ளூர் நாளிதழையும் தினமும் தாக்கிவந்த பதிவர்களில் இருவருக்குத் தூன் தரப்பு 27,000 டாலரும் 8,000 டாலரும் கொடுத்திருந்தது. செலவுக் கணக்கில் அது தெரியவந்தபோது, அந்தச் செலவே பேச்சானது. பதிவர்களால்தான் டாஷல் தோற்றார் என்பதையும் நம்பிவிட வேண்டாம். அதே நாளில் அதே மாநிலத்தில் புஷ் 60 சதவீதம் வாங்கினார், காற்று அந்தப் பக்கம் அடித்தது. பதிவருக்குக் கொடுக்கும் பணத்தை வேட்பாளர் கணக்கில் காட்ட வேண்டும், பதிவர் தன் பக்கத்தில் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை என்று அமெரிக்கத் தேர்தல் ஆணையம் 2006-இல் விதி செய்தது. சட்டம் கேட்காவிட்டாலும் பதிவின் தலைப்புக்குக் கீழே முதல் வரியில் 'இவர் இந்த வேட்பாளரிடம் சம்பளம் வாங்குகிறார்' என்று எழுதிவிடச் சொல்லுங்கள். வாசகரிடம் மறைத்து வாங்கிய பணம், தெரியவரும் நாளில் அதுவரை எழுதிய உண்மையையும் பொய்யாக்கிவிடும்.

ஆளை அமர்த்தும் முன் அவர் எழுதிய பழைய பதிவுகள் அனைத்தையும், அவர் மற்ற இடங்களில் இட்ட பின்னூட்டங்களையும் படிக்க வேண்டும். மதம், இனம், பெண்கள், எதிர்வேட்பாளர் பெயர் என்று ஒவ்வொரு சொல்லாகப் போட்டுத் தேட வேண்டும். 2007 தொடக்கத்தில், அதிபர் வேட்பாளராக முயன்ற ஜான் எட்வர்ட்ஸின் பிரசாரக் குழு இரண்டு பதிவர்களைச் சேர்த்தது. கத்தோலிக்கரைப் புண்படுத்தும்படி அவர்கள் முன்பு எழுதியவற்றை ஒரு கத்தோலிக்க அமைப்பு எடுத்துக் காட்ட, இருவரும் சில நாட்களிலேயே விலக நேர்ந்தது. பழையதை அழித்துவிடலாம் என்று நினைக்கக் கூடாது. பிரதி எங்காவது இருக்கும், அழித்ததே அடுத்த செய்தியாகும்.

எதிராளியைப் பற்றி வதந்தி பரப்பத் தனிப் பதிவு தொடங்கும் யோசனை வந்தால் அன்றே கைவிடட்டும். 2009 ஜனவரியில் பிரிட்டிஷ் பிரதமர் கார்டன் பிரவுனின் ஆலோசகர் டேமியன் மெக்பிரைட், எதிர்க்கட்சித் தலைவர்களின் சொந்த வாழ்க்கை பற்றிய கட்டுக்கதைகளை அப்படி ஒரு பதிவில் போடலாம் என்று மின்னஞ்சலில் எழுதினார். பதிவு வெளிவரவே இல்லை, ஏப்ரலில் மின்னஞ்சல்தான் வெளிவந்தது. அவர் பதவி போனது, பிரதமர் வருத்தம் தெரிவிக்க நேர்ந்தது.

சரி, என்னதான் செய்யலாம்? பத்துப் பேரில் இருவர் போதும். ஒருவர் எழுதட்டும், மற்றவர் ஆவணம் தேடட்டும்: மன்றக் கூட்டக் குறிப்பு, ஒப்பந்தத் தொகை, எதிர்வேட்பாளர் எந்தத் தீர்மானத்தில் எப்படி ஓட்டளித்தார் என்பது. ஒரு பதிவில் ஒரு விஷயம், அதற்கு மூல ஆவணத்தின் படம், தேதி, செய்தியாளர் கூப்பிட ஒரு தொலைபேசி எண். கடைசியில் வாசகர் செய்ய வேண்டிய ஒரே ஒரு வேலை: எந்த நாள், எந்த இடம், அல்லது எவ்வளவு நன்கொடை. மூன்று வேலை கேட்டால் ஒன்றும் நடக்காது. மிச்சம் எட்டுப் பேரைத் தெருவுக்கு அனுப்புங்கள்.

நண்பர் மேல் யாராவது பொய் எழுதினால் உடனே பாயக் கூடாது. நூறு பேர் படிக்கும் பதிவுக்குப் பதில் சொன்னால், அதைப் பல்லாயிரம் பேருக்கு எடுத்துச் சென்றவர் அவரே ஆவார். இரண்டு அடையாளங்களைப் பார்க்க வேண்டும். செய்தியாளர் யாராவது அதைப் பற்றிக் கேட்டாரா? வீடு வீடாகப் போகும் தொண்டர்களிடம் வாக்காளர்கள் கேட்கிறார்களா? இரண்டில் ஒன்று நடந்தாலும் அன்றே பதில் வர வேண்டும். பொய்யைத் தலைப்பில் திருப்பிச் சொல்லாமல், உண்மையை முதல் வரியில் வைத்து, ஆவணத்தோடு.

வாக்குப்பதிவு நாளில் கணிப்புகளைப் போடவே கூடாது. 2004 நவம்பர் 2 பிற்பகல், வாக்களித்தவர்களிடம் எடுத்த கணிப்பின் முதல் எண்கள் கசிந்து பதிவுகளில் ஏறின, ஜனநாயகக் கட்சி வேட்பாளர் கெர்ரி முந்துகிறார் என்று. முடிவில் வென்றவர் புஷ். பல நாடுகளில் வாக்குப்பதிவு முடியும் முன் இவற்றை வெளியிடுவது குற்றமும்கூட. 'ஜெயித்துவிட்டோம்' என்று படிக்கும் நம் ஆள் வீட்டிலேயே இருந்துவிடுவார், 'தோற்றுவிட்டோம்' என்று படிப்பவரும் அதையே செய்யக்கூடும். அன்று அந்தப் பக்கத்தில் இருக்க வேண்டியவை வாக்குச்சாவடி முகவரி, மூடும் நேரம், கொண்டுபோக வேண்டிய அடையாள அட்டை, பெயர் பட்டியலில் இல்லையென்றால் யாரைக் கேட்பது என்பது மட்டுமே.